கழிதல் கடமையன்று

பழையது ஒன்றை வீசி எறிய விரும்புவார்க்கு இக்காலத்தில் நன்னூலார் வலிய துணையாகிவிட்டார். பழையன கழிவதும் புதியன புகுவதும் பற்றி அவர் இயற்றிய நூற்பாவைப் பட்டிமன்றத்திற் கேட்கின்றோம், பத்திரிகையிற் படிக்கின்றோம். ஆயின் அதனை எடுத்தாள்வோர் அந்நூற்பா எவ்வாறு முடிகின்றது என்பதைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. காலவகையால் அவ்வாறு நிகழ்வது குற்றமாகாது என்பதே பவணந்தியார் கூறியது. குற்றமன்று என்பது வேறு. கட்டாயம் செய்க என்பது வேறு. முன்னையது இசைவு, பின்னையது ஏவல். இசைவை ஏவலாகக் கொள்ளும் பிழை இலக்கண வகுப்பில் நிகழுமாயின் மாணாக்கனுக்கு இரண்டு புள்ளி குறையும். அதே பிழை உலகியலில் நிகழுமாயின் குறைவது யாது? அதனை ஒரு சிறு கருவியின் வரலாறு கொண்டு காட்ட விரும்புகின்றேன்.

அக்கருவி, ஸ்ட்ரீமர் என்று இன்று பலரும் வழங்கும் வலைவழி இசைப்பெட்டி. தமிழ்ப் பண்டிதனுக்கு இசைப்பெட்டியில் என்ன வேலை என்று அன்பர்கள் நகைக்கலாம். பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பேசுமாறு செய்வது எங்ஙனம் என்பதே இப்பெட்டி எழுப்பும் வினா. அவ்வினாவுக்கு விடை தேடுவதிலேயே எங்கள் தொழில் முழுவதும் கழிகின்றது. ஆதலின் இங்கு நான் அந்நியன் அல்லேன்.

இப்பெட்டியில் இசைத்தட்டு இல்லை, ஒலிநாடாவும் இல்லை. வீட்டுக் கணினியிலோ தொலைவிலுள்ள நிலையத்திலோ இருக்கும் பாட்டை வலையமைப்பு வழியே பெற்று, எண்களாய் வந்ததனை ஒலியாக்கி நம் செவிக்குத் தருவது அதன் தொழில். எனவே அதற்கு இரண்டு உறுப்புக்கள் உண்டு எனலாம். எண்ணை ஒலியாக்கும் உறுப்பு ஒன்று. பாட்டை வைத்திருக்கும் மென்பொருளோடு உரையாடும் உறுப்பு மற்றொன்று. முன்னையது எளிதில் மூப்பதில்லை. இருபது ஆண்டின் முன் இனிதாய் ஒலித்த பெட்டி இன்றும் இனிதாகவே ஒலிக்கின்றது. மூப்பது பின்னையது. புதிய மென்பொருள் புதிய மொழி பேசுகின்றது. பழைய பெட்டி அதனை அறியாது விழிக்கின்றது. காது நன்றாயிருக்கவும், பேச்சு விளங்காமையால் ஒருவனைச் செவிடன் என்று தள்ளிவிடுதல் போல்வதே, இத்தகைய பெட்டியைப் பழுது என்று குப்பையிற் சேர்ப்பது.

இவ்விடரை முன்னரே உணர்ந்தார் போன்று ஒரு பெட்டியைச் செய்தோர் உளர். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனத்தார் 2001ஆம் ஆண்டில் ‘ஸ்லிம்பி3’ என்ற பெட்டியை வெளியிட்டனர். கம்பி வழியே மட்டும் வலையமைப்பிற் சேரும் அப்பெட்டி, எம்பி3 என்ற ஒரே ஒலிவடிவத்தையே அறியும். பாட்டுக்களை வகைப்படுத்துதல், தேடுதல், வரிசைப்படுத்துதல் ஆகிய அறிவு வேலைகளையெல்லாம் கணினியில் இயங்கும் சேவையக மென்பொருளே செய்தது. பெட்டிக்குச் சிறிதளவே மூளை வைத்தனர். அம்மென்பொருளின் மூலநிரலையோ, எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்ற உரிமத்தோடு உலகத்தார் முன் வைத்தனர். 2003இல் அவர்கள் வெளியிட்ட ‘ஸ்குவீஸ்பொக்ஸ்’ கம்பியின்றியும் இயங்கியது. அப்பெயரே பின் அக்குடும்பம் முழுவதற்கும் பெயராயிற்று.

மாறும் பகுதியை மாற்றத்தக்க இடத்தில் வைத்தனர் என்பதே இவ்வமைப்பின் நுட்பம். இதன் பயனைப் பாருங்கள். எம்பி3 மட்டும் அறிந்த பெட்டிக்கு ‘பிளாக்’ என்ற இழப்பில்லா ஒலிவடிவிலுள்ள பாட்டு வேண்டுமாயின், சேவையகம் அதனை அந்தக் கணமே எம்பி3 ஆக மாற்றி அனுப்புகின்றது. வினாடிக்கு 48,000 மாதிரிகளுக்கு மேல் ஏற்கமாட்டாத பெட்டிக்கு 96,000 மாதிரிகள் கொண்ட பதிவு கிடைத்தால், அதனைக் குறைத்துக் கொடுக்கின்றது. இணைய வானொலி நிலையங்கள் இன்று தம் ஒலிபரப்பைக் குறியாக்கம் செய்து அனுப்புகின்றன. அக்குறியாக்கத்தை அவிழ்க்கும் ஆற்றல் இல்லாத பழைய பெட்டிக்குச் சேவையகமே இடைநின்று அவிழ்த்துத் தருகின்றது. பெட்டியில் ஓர் ஆணியும் மாறவில்லை. அதனோடு பேசுபவர் அதற்கு விளங்கும் மொழியிற் பேசுகின்றார், அவ்வளவே.

இப்பெட்டியின் வாழ்வும் இடரின்றிச் செல்லவில்லை. 2006இல் லொஜிடெக் நிறுவனம் ஸ்லிம் டிவைசஸை விலைக்கு வாங்கியது. 2012இல் ஸ்குவீஸ்பொக்ஸ் வரிசையை நிறுத்தியது. அப்பெட்டிகளுக்கென இணையத்தில் நடத்திவந்த நிலையத்தையும் 2024இல் மூடியது. வேறு கருவியாயின் கதை அத்துடன் முடிந்திருக்கும். இங்கோ மூலநிரல் பொதுவில் இருந்தமையால் தன்னார்வலர்கள் அதனைத் தொடர்ந்து பேணினர். 2024இல் ‘லிரியோன் மியூசிக் சேர்வர்’ என்ற புதிய பெயரும் இட்டனர். பெட்டியின் உரையாடல் முறை மறைபொருளாய் இல்லாமையால், ‘மியூசிக் அசிஸ்டன்ட்’ போன்று மிகப் பிற்காலத்தில் எழுந்த மென்பொருள்களும் அதனோடு பேசக் கற்றுக்கொண்டன. பெற்றோர் கைவிட்ட பிள்ளையை ஊரார் வளர்த்த கதை இது.

இதற்கு மறுதலையான கதைகளும் உள. சொனோஸ் நிறுவனம் தன் பழைய பெட்டியைக் கைவிட்டுப் புதியது வாங்குவோர்க்கு விலையில் நூற்றுக்கு முப்பது கழிவு அளித்தது. அக்கழிவைப் பெறுவதற்குப் பழைய பெட்டியை என்றைக்கும் இயங்காதவாறு செயலிழக்கச் செய்தல் வேண்டும் என்ற நிபந்தனை 2019இன் இறுதியிற் பரவலாக அறியப்பட்டுப் பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நன்றாய்ப் பாடும் ஒன்றன் குரல்வளையை உரியவன் கையாலேயே நெரிக்கச் செய்வது அது. அந்நிபந்தனை 2020இற் கைவிடப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில், பழைய பெட்டிகளுக்கு இனிப் புதிய மென்பொருள் இல்லை என்று அந்நிறுவனம் அறிவித்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. அதன் தலைவர் வருத்தம் தெரிவித்தார். முடிவில் பழையவற்றுக்கு ஒரு மென்பொருளும் புதியவற்றுக்கு வேறொரு மென்பொருளுமாகக் குடும்பம் இரண்டாய்ப் பிரிந்தது.

கூகிள் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட ‘குரோம்காஸ்ட் ஓடியோ’வின் கதை இன்னும் நுட்பமானது. அதனை அவர்கள் 2019இல் நிறுத்தினர். எனினும் வாங்கியோர் இல்லங்களில் அது பாடிக்கொண்டே இருந்தது. 2025 மார்ச் மாதத்தில் ஒருநாள் உலகெங்கும் அச்சிறு கருவிகள் வாயடைத்தன. பழுதானது யாது? கருவி மெய்யானதே என்று உறுதிகூறும் எண்முறைச் சான்றிதழ் ஒன்றுக்குப் பத்தாண்டுத் தவணை இடப்பட்டிருந்தது. அத்தவணை அன்று முடிந்தது. சில நாளிற் கூகிள் அதனைத் திருத்தியது உண்மை. ஆயினும் அதனைத் திருத்தும் திறவுகோல் அந்நிறுவனத்தார் ஒருவரிடமே இருந்தது. அவர்கள் மனம் வைத்திராவிட்டால், பணங்கொடுத்து வாங்கியவன் கையிலுள்ள தன் பொருளையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்.

நிறுவனத்தார் பக்கத்து நியாயத்தையும் கூறாது விடின் நடுவுநிலை தவறும். பழைய பெட்டியின் நினைவகம் சிறியது; புதிய வசதிகள் எல்லாவற்றையும் அதனுள் திணித்தல் இயலாது. பழைய மொழிகளிற் சில, கள்வர்க்கு வாயிலாகவும் உள்ளன. கணினிகள் கோப்புக்களைப் பகிர்தற்குப் பயன்பட்ட ‘எஸ்எம்பி’ என்ற நெறிமுறையின் முதற்பதிப்பு அத்தகையது. 2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ என்ற கெடுநிரல் அதன் குறைபாட்டினூடாகவே உலகெங்கும் பரவி மருத்துவமனைகளையும் முடக்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் பதிப்பு முதலாக மைக்ரோசொப்ட் அதனை இயல்பாகச் சேர்க்காது விட்டது. அம்மொழியை மட்டுமே அறிந்த இசைப்பெட்டிகள் தம் பாட்டுப் பெட்டகத்தைத் திறக்கமாட்டாது திகைத்தன. இங்கே கழித்தது முறையே. பெட்டியின் பொருட்டு வீட்டின் கதவைத் திறந்துவைக்க எவரும் கூறார். ஆயின் இதற்கும் வழி உண்டு. பெட்டகத்தோடு புதிய மொழியிலும் பெட்டியோடு பழைய மொழியிலும் பேசவல்ல இடைநிலையாளர் ஒருவரை வைத்தால், கதவும் பூட்டியிருக்கும், பாட்டும் கேட்கும்.

அவ்விடைநிலையாளரை என் இல்லத்திலேயே கண்டேன். வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் பல ஆண்டுகளின் முன் தந்த இசைப்பெட்டி ஒன்று என்னிடம் உண்டு. அதனைச் செய்தோர் பெயர் ஈண்டு வேண்டா. அவர்கள் நடத்திய வானொலிப் பட்டியல் நின்றுபோகவே, பெட்டியும் திரைச்சீலை மூடிக் கிடந்தது. என்னிடம் தமிழ் படித்துப் பின் பொறியியல் கற்ற மாணவர் ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு, “ஐயா, பெட்டியிலை ஒரு பிழையுமில்லை. அதோடை கதைக்க ஆளில்லாமல் போச்சுது, அவ்வளவுதான்” என்றார். உள்ளங்கை அளவான ராஸ்பெரி பை கணினி ஒன்றிற் புதிய மென்பொருளை ஏற்றினார். நான் சேர்த்துவைத்திருந்த நாதசுரப் பதிவுகளை அதனுள் இட்டார். அப்பெட்டி, பல நிறுவனத்தார் ஒருங்குகூடிப் பொதுவாக வகுத்த ‘யூபிஎன்பி’ என்ற நெறிமுறையை அறிந்திருந்தது. அன்று மாலையே பெட்டி பாடத் தொடங்கிற்று. செய்தோர் தமக்கென வைத்துக்கொண்ட பகுதி மடிந்தது. பொது இலக்கணத்துக்கு அமைந்த பகுதி பிழைத்தது. அம்மாணவர் கூறிய அந்த ஒரு வாக்கியத்தில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கும்.

தமிழ் படித்தார்க்கு இது புதிய செய்தி அன்று. தொல்காப்பியத்துக்கும் பிற்காலத்து மாணாக்கனுக்கும் இடையே மொழி எத்துணையோ மாறிவிட்டது. அதற்காக நூற்பாக்களை எவரும் எறியவில்லை. புதுக்காலத்துக்கேற்பத் திருத்தி எழுதவும் துணியவில்லை. இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் இடையில் நின்று, பழையதன் சொல்லைப் புதியவன் செவிக்கு ஏற்றனர். விட்டுக்கொடுக்கும் சுமையை உரையாசிரியரே தாங்கினர். மூலம் தன் நிலையில் நின்றது. சேவையகம் செய்யும் தொழிலும் அதுவே.

இன்னுமொன்று கருதுக. எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். ஏடு என்ற பழைய கருவியிலிருந்து அச்சு என்ற புதிய கருவிக்கு நூல் வந்தது. அவர்கள் பட்ட பாடு பெரிது. எனினும் அது கைகூடியமைக்கு ஓர் அடிப்படை உண்டு. ஏட்டின் எழுத்து எல்லார்க்கும் பொதுவான எழுத்து. அதனை எழுதியவன் தனக்கு மட்டுமே விளங்கும் மறையெழுத்தில் எழுதி, விளக்கத்தையும் தன்னோடு கொண்டுபோயிருந்தால், கறையான் தின்னாது விட்ட ஏடும் நமக்கு வெற்றோலையே ஆகியிருக்கும். இன்றைய நிறுவனங்கள் பல செய்வது இத்தகைய மறையெழுத்து வேலை. நம் வீட்டு இசைப்பெட்டியோடு இவ்வபாயம் நின்றுவிடாது. பாடநூலும் நூலகமும் குடும்பத்துப் புகைப்படமும் குரற்பதிவும் இன்று இத்தகைய கருவிகளையே நம்பி நிற்கின்றன.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. கருவி செய்வோர் அதன் விற்பனையை நிறுத்துக. அது அவர் உரிமை. நிறுத்தும் நாளில் அதனோடு உரையாடும் இலக்கணத்தை உலகத்தார்க்கு விட்டுச் செல்க. அது அவர் கடன். புதிய மென்பொருள் எழுதும் இளைஞர், பழைய கருவியைப் புதிய மொழி பேசச் சொல்லி வற்புறுத்தாது, தாம் அதன் மொழியைக் கற்றுக்கொள்க. வளைந்து கொடுக்கும் ஆற்றல் புதியதற்கே உண்டு. பொருள் வாங்குவோர், விலையும் அழகும் கேட்பதோடு, செய்தவர் கடையை மூடினால் இது யாருடன் பேசும் என்றும் கேட்க. இந்த மூன்றாவது வினாவைக் கேட்போர் பெருகினால் முதலாவது கடன் தானே நிறைவேறும் என்பது என் துணிபு.

பவணந்தியார் காலத்துக்கு இசைவு அளித்தார்; கருவியை விற்போர்க்கு ஆணை எழுதிக் கொடுக்கவில்லை. பழையன கழிக, கழியத்தக்க காலம் வந்தபின் கழிக. பாடும் வாய் நன்றாயிருக்கும்போது, அதனோடு பேச ஆள் இல்லை என்ற ஒரு காரணத்துக்காகக் கழிக்கவேண்டுவதில்லை.