அதிகார ஆசையே பரம்பொருளா?

கடவுள் இல்லை என்று சொல்லிவிட்ட மாத்திரத்தில் ஒருவன் பகுத்தறிவுவாதி ஆகிவிடுவானா என்று கேட்டால், ஆகமாட்டான் என்றுதான் நாம் சொல்லுவோம். ஏனெனில் கடவுளைப் பீடத்தைவிட்டு இறக்கிவிட்டு, அதே பீடத்தில் வேறொன்றை உட்காரவைத்துக் கற்பூரம் கொளுத்துகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஜெர்மன் தேசத்துத் தத்துவக்காரர் நீட்சே (1844-1900) பேரால் வழங்கும் அதிகார வேட்கைத் தத்துவம் அப்படிப்பட்டதேயாகும்.

அத்தத்துவம் சொல்லுவதென்ன? உலகத்தில் உள்ள சகலத்துக்கும் அடிப்படை ஒன்றேயாம். அது மேலோங்க வேண்டும், பிறவற்றை அடக்கித் தன்வசமாக்க வேண்டும் என்கிற வேட்கையாம். மரம் வளருவதும், மிருகம் இரை தேடுவதும், மனிதன் தர்மம் செய்வதும் எல்லாம் அந்த வேட்கையின் வேஷங்களேயாம். கடவுள் செத்துவிட்டார் என்று 1882-ல் எழுதியவர் இவர். கிறிஸ்து மதத்தைக் கடுமையாகத் தாக்கியவரும் இவர். அதனாலேயே இவரை நம்மவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலாவது, இதற்கு ஆதாரம் என்ன? 1886-ல் அவரே அச்சிட்ட புஸ்தகத்தில் இதை "இப்படி வைத்துக்கொண்டால்" என்கிற தோரணையில்தான் எழுதினார். 1889 ஜனவரியில் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அவர் இறந்தபின் 1901-ல் அவருடைய தங்கையும் நண்பரும் குறிப்புப் புஸ்தகங்களில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு நூலாக்கினார்கள். 1906-ல் அதுவே 1067 துண்டுகளாகப் பெருத்தது. அவர் எழுதி முடிக்காமல் கைவிட்ட நூல் அவருடைய மூலநூலாகிவிட்டது! வேதமும் புராணமும் உண்டாகிற விதம் இதுதானே?

இரண்டாவது, இது எதையாவது விளக்குகிறதா? ஒருவன் அடித்தால் அதிகார ஆசை. அடியைப் பொறுத்துக்கொண்டால் அது மறைந்திருக்கும் அதிகார ஆசை. கொடுத்தாலும் அது, பிடுங்கினாலும் அது. பிள்ளை பிறந்தாலும் தலைவிதி, செத்தாலும் தலைவிதி என்கிற பாட்டிக்கும் இந்தத் தத்துவக்காரருக்கும் என்ன வித்தியாசம்? நியூட்டன் 1687-ல் சொன்ன விதியை அளந்து பார்க்க முடிந்தது. அளந்ததில் புதன் கிரகத்தின் ஓட்டத்தில் ஒரு சிறு பிசகு தெரிந்தது. 1915-ல் ஐன்ஸ்டீன் அதற்குக் காரணம் கண்டார். தப்பு என்று காட்ட இடம் கொடுப்பது விஞ்ஞானம். எதற்கும் பிடிகொடுக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவது புரோகிதம்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியமானது. இவர் 1888-ல் ஜக்கோலியோ என்ற பிரெஞ்சுக்காரரின் மொழிபெயர்ப்பில் மனுதர்மத்தைப் படித்தார். படித்துவிட்டுப் பைபிளைவிட அது எவ்வளவோ உயர்ந்தது என்று புகழ்ந்தார். சண்டாளருக்கு அதில் விதித்திருந்த கொடுமைகளைப் பார்க்காமலும் இல்லை. பார்த்து எழுதியும் இருக்கிறார். அப்படியிருந்தும், மேலோர் கீழோர் என்கிற படிக்கட்டு இயற்கையே வகுத்தது, மனு அதற்கு முத்திரை மாத்திரம் போட்டார் என்று தீர்ப்புச் சொன்னார்.

இயற்கை என்றால் நாம் ஒன்று கேட்கிறோம். தண்ணீர் பள்ளத்துக்குப் பாயச் சட்டம் உண்டா? நெருப்பு சுடாவிட்டால் தண்டனை உண்டா? கீழ்ஜாதிக்காரன் மேல்ஜாதிக்காரனுக்குச் சமமாக உட்கார்ந்தால் இடுப்பில் சூடுபோட்டு நாடுகடத்து என்றும், வைதால் நாக்கை அறு என்றும், சூத்திரன் சக்தி இருந்தாலும் பொருள் சேர்க்கக்கூடாது என்றும் மனு ஏன் எழுதவேண்டும்? சூத்திரனால் முடியும் என்று தெரிந்ததனால்தானே தடுத்தார்? சூட்டுக்கோல் வைத்துக் காப்பாற்ற வேண்டியது இயற்கையாகுமா? 1927 டிசம்பர் 25-ல் மஹத்தில் அம்பேத்கார் முன்னின்று அந்நூலைக் கொளுத்தச் செய்தாரே, இயற்கையையா கொளுத்தினார்? மனிதன் எழுதியதை மனிதன் கொளுத்தினான், அவ்வளவுதான்.

"நீங்கள் சுயமரியாதை கேட்பதும் அதிகார ஆசைதானே" என்று சிலர் மடக்கப் பார்க்கலாம். பிறன் முதுகில் ஏறவேண்டும் என்பதும், என் முதுகைவிட்டு இறங்கு என்பதும் ஒரே ஆசையா? திருடனும் பெட்டியைத்தான் பிடிக்கிறான், வீட்டுக்காரனும் பெட்டியைத்தான் பிடிக்கிறான். ஆகவே இருவரும் ஒன்று என்று சொல்லுகிறவன் யாருக்கு வக்கீல் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

மனிதனிடத்தில் அதிகார ஆசை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இருக்கிறது, அதனால்தான் அதற்குக் கடிவாளம் வேண்டும் என்கிறோம். காலராவும் உலகத்தில் இருக்கிறது. அதற்காக அதைப் பரம்பொருள் என்று கும்பிடுவோமா? ஆகவே தோழர்களே, உலகமே இப்படித்தான் என்று யார் சொன்னாலும், அது கடவுள் பேராலாயினும், கர்மத்தின் பேராலாயினும், ஜெர்மன் தத்துவத்தின் பேராலாயினும், அதனால் மேலே உட்காருகிறவன் யார், கீழே குனிகிறவன் யார் என்பதை முதலில் பாருங்கள். பிறகு நம்புவதா தள்ளுவதா என்று உங்கள் அறிவைக் கேளுங்கள்.