தாதிமையும் உயர்கல்வியே

நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவர் தாதிமை படிக்க விரும்பினால், "மருத்துவம் படிக்கலாமே!" என்று பெற்றோர் சிலர் தடுக்கின்றனர். மருத்துவர் சொல்வதைச் செய்வது மட்டுமே தாதியின் வேலை என்பது அவர்களின் எண்ணம். இவ்வெண்ணம் மாற வேண்டும்.

சிங்கப்பூரில் 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கினர். அந்நாளே இன்று தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவர்கள் பணி செய்தே கற்றுக்கொண்டனர். இன்றோ நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப் படிப்பு தொடங்கியது. மாணவர்கள் அங்கு உடலியல், மருந்தியல் போன்ற பாடங்களைக் கற்கின்றனர், ஆய்வும் செய்கின்றனர்.

மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் செல்வது சில நிமிடங்களே. இரவும் பகலும் கவனித்துக்கொள்பவர்கள் தாதியர். நோயாளியின் மூச்சிலோ இரத்த அழுத்தத்திலோ மாற்றம் ஏற்பட்டால், ஆபத்தை முதலில் உணர்ந்து மருத்துவரை அழைப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆழ்ந்த படிப்பறிவு இல்லாமல் இது இயலுமா?

இத்துறையில் இரவுப் பணி உண்டு, களைப்பும் உண்டு. அதைத் தெரிந்தே இளையர் ஒருவர் தாதிமையைத் தேர்ந்தெடுக்கலாம். அவரிடம், "மதிப்பெண் போதவில்லையா?" என்று கேட்பது முறையன்று. மருத்துவ மாணவரின் வெற்றியைப் போலவே தாதிமை மாணவரின் வெற்றியையும் குடும்பம் பெருமையோடு கொண்டாட வேண்டும்.