பிரித்தால் குடி முழுகிவிடுமா?

பழைய பேஸ்பால் கார்டு பாக்கெட்டைப் பிரிப்பவன் முட்டாள் என்று சொல்ல அமெரிக்காவில் ஒரு கட்சியே இருக்கிறது. அங்கே இருக்கும் என் மகனும் அந்தக் கட்சிதான். 1980களின் கடைசியில் வந்த பாக்கெட் ஒன்றைப் பேரனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "பிரிக்காதே, பின்னால் நல்ல விலைக்குப் போகும்" என்கிறான். நான் எதிர்க்கட்சி. காரணம் சொல்கிறேன்.

கார்டு என்றதும் சீட்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்த மாதிரிதான். ப்ரூக்ளினில் இருந்த டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி தன் சரக்கு விற்பதற்காக இதைக் கூடவே வைத்து, மெழுகுத்தாளில் சுற்றி விற்றது. 1952இல் ஒரு பாக்கெட் 5 சென்ட்.

அந்த வருஷத்து மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022இல் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. ஏன் அவ்வளவு? பையன்கள் பிரித்தார்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள், சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிப் படபடவென்று ஓட்டினார்கள். மிச்சத்தை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். விற்காமல் கிடந்த பெட்டிகளை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் அதிகாரி சை பெர்கரே சொல்லியிருக்கிறார். ஒரு கார்டு பத்திரமாக இருந்ததே என்பீர்கள். மற்றதெல்லாம் பாழானதால்தான் அதற்கு இந்த மவுசு.

இதைப் பார்த்து ஆசைப்பட்டு, 1980களில் எல்லோரும் பிரிக்காமல் அடுக்கி வைத்தார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. இன்று அந்தக் காலத்துச் சரக்குக்குச் சேகரிப்பவர்களே வைத்திருக்கும் பெயர் 'குப்பை மெழுகு'. என் பேரன் கையில் இருப்பது அதுதான். பிரித்தால் என்ன நஷ்டம்?

அடுத்து, முத்திரை. அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக டெண்டர் உறைகளைக் கையாண்டவன் நான். உறை ஒட்டியிருக்கிறது என்பதற்கு, ஒட்டியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மெழுகுத்தாளைச் சூடு காட்டி மறுபடி ஒட்டிவிடலாம். அமெரிக்காவில் லோகன் பால் என்ற யூடியூப் பிரபலம் 35 லட்சம் டாலர் கொடுத்து போக்கிமான் கார்டு பெட்டி ஒன்று வாங்கினார். அசல் என்று சான்று பெற்ற பெட்டி. 2022 ஜனவரியில் பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு பொம்மைக் கார்டு! பிரிக்காமல் இருந்திருந்தால் அதுவும் கைமாறிக்கொண்டே போயிருக்கும்.

பிரிக்காவிட்டால் கார்டு புதிதாகவே இருக்கும் என்பதும் சரியில்லை. சூயிங்கம் ஒட்டியிருக்கும் கார்டில் கறை படியும். மெழுகு பட்ட கார்டிலும் கறைதான். 1991க்குப் பிறகு டாப்ஸ் சூயிங்கம் வைப்பதை நிறுத்தியதற்கு இந்தக் கறையும் ஒரு காரணம்.

இவற்றை 'வின்டேஜ்' என்கிறார்கள். பிரெஞ்சில் படித்த நம்மவர்களுக்கு இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரியும்: வாந்தாஞ்ஜ், அதாவது திராட்சை அறுவடை. ஒயினை வருஷக்கணக்கில் மூடி வைப்பது ஒருநாள் திறந்து குடிப்பதற்காக. உள்ளே அது பக்குவப்படும். அட்டையும் சூயிங்கமும் பக்குவப்படுமா?

பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்ததைப் பிள்ளையே பிரிக்கட்டும். அடுத்த கார்டு யார் என்று பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அன்றைக்கு 5 சென்ட் கொடுத்தார்கள். முதலீடு வேண்டுமென்றால் போஸ்ட் ஆபீஸ் மாதிரி வழி எந்த ஊரிலும் இருக்கும். குழந்தையின் கையைக் கட்டிப்போட்டுச் சேமிக்க வேண்டாம்.

முப்பது வருஷத்துக்கும் மேலான சூயிங்கத்தை மட்டும் வாயில் போட விடாதீர்கள்.