நார்த்தாமலை: கல்லெழுத்தும் ஜன வாழ்க்கையும்

நார்த்தாமலையைப் பற்றி நம்மவர் இதுவரை எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி கல்லைப் பற்றியதே. மேலமலையிலுள்ள விஜயாலய சோழீச்சுரத்தைச் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்ததையும், அது மழையால் இடிந்த பின் மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையர் புதுப்பித்ததையும் நாம் அறிவோம். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் பெய்த மழைக்குச் சாக்ஷியம் இருக்கிறது. ஆனால் அம்மலையடிவாரத்தில் இன்று கல்லுடைத்து ஜீவிக்கும் ஒரு குடும்பம் விடியற்காலையில் என்ன உண்கிறது, யாரிடம் கடன்படுகிறது, நோய் வந்தால் எங்கே போகிறது என்று கேட்டால், எடுத்துக்காட்ட ஓர் ஏடு நம்மிடம் இல்லை. இந்தக் குறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இதனை நம் மனத்தில் எழுப்பியது சயாம் தேசத்து, அதாவது தாய்லாந்தின், ஒரு கிராமத்தின் வரலாறு. பாங்காக் நகருக்குக் கிழக்கே வாய்க்கால்களின் கரையில் நெல் விளைத்துவந்த பாங்சான் என்ற சிற்றூருக்கு 1948-ம் வருஷத்தில் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த லாரிஸ்டன் ஷார்ப் என்ற மானிடவியல் அறிஞர் சென்றார். அவரும் சகாக்களும் அவ்வூராரின் விவசாயம், குடும்பம், பௌத்த மடம் முதலியவற்றைப் பல வருஷங்கள் கவனித்து எழுதினர். அவர்களுள் ஒருவரான ஜேன் ஹாங்ஸ் என்ற மாதரசி பிரசவச் சடங்குகளைப் பற்றி மாத்திரம் தனி நூல் செய்தார். பிள்ளை பெற்றவள் நெருப்பருகே படுத்துக் காயும் வழக்கம் அங்கே உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு நம் பாட்டிமார் இடித்துக் கொடுக்கும் மருந்தையும் பத்தியத்தையும் அவ்வளவு சிரத்தையோடு எழுதிவைத்தவர் எத்தனை பேர்? இப்போது பாங்சான் பாங்காக் நகரத்துக்குள் அடங்கிவிட்டது; தொழிற்பேட்டையும் வந்துவிட்டது. பழைய பாங்சானைக் காண விரும்புவோர் அந்நூல்களைத்தான் புரட்ட வேண்டும்.

சயாம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. அத்தேசத்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகரின் காவலில் வைத்ததாகக் கூறுகிறது. நார்த்தாமலைக்கு அயலூரான கொடும்பாளூரிலும் மணிக்கிராமத்தார் இருந்தனர். நார்த்தாமலையே தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயருடன் வணிகர் நகரமாக விளங்கியதுதான். கடல் கடந்து குளம் வெட்டியவரின் சந்ததியார் தம் ஊர்க் குளத்தின் கதையை எழுதாதிருப்பது விந்தையே.

‘அன்னியன் வந்து நம் குடிசைக்குள் எட்டிப் பார்ப்பது நமக்கு என்ன கௌரவம்?’ என்று சில நேயர்கள் வினவுவர். அவ்வெறுப்புக்குக் காரணம் உண்டு. சென்னைப் பொருட்காட்சிசாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், நம் ஜனங்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். 1909-ல் ஏழு பாகங்களாக அவர் வெளியிட்ட நூலில் மனிதரைக் காட்டிலும் ஜாதிகளே நடமாடுகின்றன. அக்காலத்து ஆட்சியினர் ஒரு சமூகம் முழுவதையும் ‘குற்றப் பரம்பரை’ என்று ஏட்டில் எழுதி, பெயரைப் பதிந்து, கைரேகை கேட்டார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920-ல் துப்பாக்கிக்கு இரையானார்கள். ஆகையால் எழுதுவது யார், யாருக்காக என்ற கேள்வி அற்பமானதன்று. லூயி டூமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் பிறமலைக் கள்ளரைப் பற்றி 1957-ல் வெளியிட்ட நூலை அவர் தம் பாஷையில் எழுதினார். இங்கிலீஷிலேயே அது 1986-ல்தான் வந்தது. நமது புதுக்கோட்டை ராஜ்யத்தை ஆராய்ந்து நிக்கலஸ் டர்க்ஸ் 1987-ல் வெளியிட்டதும் இங்கிலீஷ் நூலே. உழைப்பில் குறைகூற நாம் துணியோம். ஆனால் எவருடைய வாழ்வு எழுதப்பட்டதோ அவர் படித்து, ‘இது சரி, இது பிசகு’ என்று சொல்ல வழியில்லாத சாக்ஷியத்தை, வக்கீல் தொழிலில் பழகிய நாம் குறுக்கு விசாரணை செய்யப்படாத சாக்ஷியமென்றே கொள்வோம்.

நம்மவர் செய்யவே இல்லையா? செய்திருக்கிறார்கள். சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணாக்கரையே கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். அவர்கள் எழுதியது 1918-ல் நூலாயிற்று. அவற்றுள் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு 1930-களிலும், 1981-லும், 2008-லும் ஆராய்ச்சியாளர் மீண்டும் சென்றனர். பெரிய நிலச்சுவான்தார் குடும்பத்தை அண்டி நின்ற கூலிக்காரரின் பிடிமானம் எப்படித் தளர்ந்தது, வயலை விட்டு வேறு வேலைக்கு அவர் எப்படிப் போனார் என்பதெல்லாம் தொண்ணூறு வருஷத்துக்குத் தொடர்ச்சியாகத் தெரிகிறது. முதல் ஏடு 1916-ல் எழுதப்பட்டிராவிட்டால் 2008-ல் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருந்திராது.

நார்த்தாமலைக்கு அந்த முதல் ஏடு வேண்டும். சர்க்கார் கணக்குகள் போதா. பட்டாவும் அடங்கலும் நிலத்தைச் சொல்லும். அந்நிலத்தில் நாற்று நட்ட ஸ்திரீயைச் சொல்லா. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் மாதரின் குழுக்களுக்கே கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டனர். காண்ட்ராக்டரிடம் கைகட்டி நின்றவர் கணக்குப் புஸ்தகம் எழுதினார். பத்திரிகையாளர் சிலர் வந்து எழுதிப்போயினர், அதற்காக நன்றி. ஆயினும் அம்மாதர் பிறகு என்ன ஆனார்கள், குத்தகை எவ்விதம் போயிற்று, அந்தச் சைக்கிள் அவர்கள் மகளை எவ்வளவு தூரம் கொண்டு சேர்த்தது என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டியவர் நாமே. அன்று முப்பது வயதானவருக்கு இன்று அறுபது கடந்துவிட்டது. கல்வெட்டைப்போல் அவர்கள் ஆயிரம் வருஷம் காத்திரார்.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரி மாணாக்கரும் பெண்கள் கலாசாலை மாணவிகளும் இதைச் செய்யக்கூடும். பெரிய திரவியம் வேண்டாம். ஒரு வருஷம் ஊரில் பழக வேண்டும். எழுதுவது தமிழில் இருக்க வேண்டும். எழுதியதை ஊரார் கூடியவிடத்தில் வாசித்து, அவர்கள் திருத்தியபடி திருத்த வேண்டும். அவர்கள் வேண்டாமென்ற பெயரை நீக்க வேண்டும். சேரியில் கேட்டதை ஊருக்குள் கேட்டதோடு சமமாக எழுத வேண்டும். முத்துமாரியம்மன் தேர்வடத்தைத் தொடுபவர் யார், ஒதுங்கி நிற்பவர் உண்டா என்பதையும் மறைக்கலாகாது. பங்குனித் திருவிழாவுக்குச் சுற்றூர் ஜனங்கள் பால்குடத்தோடு வந்து கூடும் சமயமே ஆரம்பத்துக்குத் தக்கது. கல்லூரி அதிகாரிகள் இதனை எப்போது ஏற்கிறார்கள் என்பதை அறிய நாம் ஆவலாயிருக்கிறோம்.