ஊருக்குச் சொன்னீர்கள், பிள்ளைக்குச் சொன்னீர்களா?

தோழரே! மகள் பூப்பெய்தினாள் என்றதும் என்ன செய்கிறீர்கள்? பந்தல் போடுகிறீர்கள்; பதாகை கட்டுகிறீர்கள்; கடன் வாங்கியாவது ஒலிபெருக்கி வைத்து ஊரையே அழைக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் சொன்ன சேதியை உரியவளுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னீர்களா? இரத்தத்தைக் கண்டு, சாகப்போகிறோமோ என்று நடுங்கினாளே, அந்த நடுக்கத்துக்கு யார் பொறுப்பு?

நடுக்கத்தோடு போயிற்றா? 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவு, பட்டுக்கோட்டைப் பக்கம், 'தீட்டு' என்று தனிக்குடிசையில் வைக்கப்பட்ட சிறுமிமீது தென்னை சாய்ந்தது, மாண்டாள். புயலா கொன்றது?

கருப்பை மாதந்தோறும் தன் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. கரு தங்காவிட்டால் கழித்துவிடுகிறது. இவ்வளவுதான் ஐயா, தீட்டு! 9, 10 வயதிலேயே தாய் சொல்லிவிடலாம். நாப்கின் கொடுக்க 2012இல் 'புதுயுகம்' திட்டம் வந்தது. நாவைத் திறக்கவும் அரசா திட்டம் போடும்?

அது தாய்மார் வேலை என்பீர்கள். சரி, மகனுக்கு? குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, உறக்கத்தில் விந்து வெளியாகிறது. இயற்கை, நோயல்ல. நீங்களும் கடந்து வந்தவர்தானே! நீங்கள் சொல்லாததை, லாட்ஜில் அறையெடுத்துத் தங்கும் 'வைத்தியன்' சொல்கிறான்: "நரம்புத் தளர்ச்சி தம்பி, நாற்பது நாள் லேகியம்!" உங்கள் மௌனம்தான் அவன் முதலீடு. கைப்பேசி சொல்வதோ அதைவிட அசிங்கம்.

வெட்கமா? முகம் பார்த்துப் பேச வேண்டாம். வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது, "உன் வயசிலே எனக்கும் இப்படித்தாண்டா, பயந்துகிட்டுக் கிடந்தேன்" என்று ஆரம்பியுங்கள். மீதியை அவனே கேட்பான்.