ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

தொலைவிலுள்ள இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையும் பிரயாண நேரத்தையும் கேட்டால் கணிதம் உடனே விடை தந்துவிடுகிறது. எனினும் அந்த விடை பூகோளத்தின் மேல் இழுத்த மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமேயன்றி, விமானம் உண்மையில் பறக்கும் மார்க்கத்தின் நீளமன்று என்பதைப் பின்லாந்து மக்கள் தங்கள் அனுபவத்திலேயே கண்டிருக்கிறார்கள்.

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே, சைபீரியாவின் மேலாக அளந்தால், சுமார் 7,800 கிலோமீட்டர். டோக்கியோவில் ஏறியவர் பத்து மணி நேரத்துக்குள் ஹெல்சிங்கியில் இறங்கிய காலம் 2022 பிப்ரவரியுடன் முடிந்தது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுக்க, ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூட, பதிலுக்கு ரஷ்யாவும் 36 தேசங்களின் விமானங்களைத் தடுக்க, பின்லாந்தின் விமானக் கம்பெனியான பின்னேரின் விமானம் பசிபிக்கின் வடபகுதியையும் அலாஸ்காவையும் கடந்து, வட துருவத்தின் மேலாகச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய 12,900 கிலோமீட்டர் பறந்து, 13 மணி நேரத்தில் வீடு சேர வேண்டியதாயிற்று.

இதில் என் மனத்தை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. 1983-ஆம் வருஷம் இதே கம்பெனி, சோவியத் வான்வெளியைத் தவிர்க்கும் நிர்ப்பந்தத்தால், உபரி எரிபொருள் தொட்டிகள் பொருத்திய டிசி-10 விமானத்தைத் துருவத்தின் மேலாக டோக்கியோவுக்கு இடைநில்லாமல் அனுப்பியபோதும் ஏறக்குறைய அதே 13 மணி நேரந்தான் பிடித்தது. நாற்பது வருஷங்களில் விஞ்ஞானம் இயந்திரங்களுக்கு அளித்த மேன்மையெல்லாம் இந்தப் பிரயாணிக்கு ஒரு நாழிகையைக்கூட மிச்சப்படுத்தவில்லை. சீன விமானங்களோ இன்றும் சைபீரியாவின் மேலாகவே ஐரோப்பாவுக்குப் போய்வருகின்றன.

போர்க்களத்தின் மேலுள்ள வானத்தை மூடுவது நியாயமே. 2014-இல் கிழக்கு உக்ரைனின் மேல் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்ட கொடுமையை யார் மறப்பார்? ஆனால் அக்களத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பாலுள்ள சைபீரியாவில் அந்த ஆபத்து இல்லை.

தத்தம் நிலத்தின் மேலுள்ள வானம் அந்தந்த அரசுக்கே உரியது என்று 1944-ஆம் வருஷத்துச் சிகாகோ மகாநாடு விதித்தது. அங்கேயே, இறங்காமல் கடந்து செல்லும் உரிமையைப் பரஸ்பரம் வழங்கும் தனி ஒப்பந்தம் ஒன்றும் உருவாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் ஏற்றுக்கொண்ட அவ்வொப்பந்தத்தில் சோவியத் அரசு சேரவில்லை. ரஷ்யாவும் இன்றுவரை சேரவில்லை. ஆதலால் சமாதான காலத்திலும் ஐரோப்பியக் கம்பெனிகள் சைபீரியாவைக் கடப்பதற்கு ரஷ்ய விமானக் கம்பெனியான ஏரோஃபிளாட்டுக்குப் பெருந்தொகை கட்டி வந்தன. விலைக்கு வாங்கிய அனுமதி ஒரே நாளில் பறிபோயிற்று.

யுத்தம் ஒருநாள் ஓயும். அப்போது பழைய கட்டணமும் தயவும் மீண்டும் தலையெடுக்க இடங்கொடாமல், ரஷ்யா அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமென்பதைப் பேச்சுவார்த்தையின் நிபந்தனைகளுள் ஒன்றாக ஐரோப்பிய அரசுகளும் ஜப்பானும் இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.