வண்டி நிற்கட்டும், முதுகு வளைய வேண்டாம்!

இரவு ஷிப்டு முடிந்து மில் கேட்டைத் தாண்டி வெளியே வருகிறோம். கண்ணில் தூக்கம், காதில் இன்னும் மிஷின்களின் இரைச்சல். பின்னால் ஒரு தோழரை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறோம். மெயின் ரோட்டுத் திருப்பத்தில் இரும்புத் தடுப்பு. நாலு போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கையை நீட்டுகிறார்.

அந்த நேரத்தில் நம் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? நாம் திருடினோமா? கொள்ளையடித்தோமா? இல்லை. லைசென்ஸ் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. இன்ஷூரன்ஸ் போன மாதம் முடிந்துவிட்டது. ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் இருக்கிறது. பையில் இருப்பதோ வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் ஐந்நூறு ரூபாய்.

உடனே நம்மில் ஒருவர் சந்துக்குள் வண்டியைத் திருப்பி ஓடுகிறார். இன்னொருவர் "சார், சார், பிள்ளைகுட்டிக்காரன் சார்" என்று கெஞ்சுகிறார். மூன்றாமவர் நூறு ரூபாய் நோட்டை மடித்துக் கைக்குள் திணிக்கிறார். நாலாமவர் "என்னை யாரென்று நினைத்தாய்?" என்று நடுரோட்டில் சண்டைக்கு நிற்கிறார்.

நான்கும் தவறு என்று சொல்கிறோம். சரியான வழி வேறு இருக்கிறது. அதைக் கைக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். கொஞ்சம் நிதானமும், சில விஷயங்களைத் தெரிந்துகொள்வதும் போதும்.

ஓடுவதால் வருவது என்ன?

2018-ம் ஆண்டு மார்ச் 7-ம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் நடந்ததை மறக்க முடியுமா? ஹெல்மெட் சோதனையைக் கடந்து போன ஒரு கணவன் மனைவியைப் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்தினார். அவர் எட்டி உதைத்ததில் வண்டி சாய்ந்தது. கீழே விழுந்த மனைவி உயிரிழந்தார் என்பது வழக்கு. ஆயிரக்கணக்கான ஜனங்கள் நெடுஞ்சாலையில் திரண்டார்கள். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். ஆனால் போன உயிர் போனதுதான்.

2021 ஜூன் மாதம், சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடி. குடித்துவிட்டு வந்த ஒருவருக்கும் போலீஸாருக்கும் வாக்குவாதம். சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் லத்தியை எடுத்தார். அடிபட்டவர் மறுநாள் இறந்துபோனார். அந்த அதிகாரியும் கைது செய்யப்பட்டார்.

இந்த இரண்டிலும் குற்றம் யாருடையது? ஹெல்மெட் போடாததற்குச் சட்டத்தில் தண்டனை அபராதம், மரணம் அல்ல. குடித்துவிட்டு வாதாடுகிறவனை லத்தியால் அடிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. குற்றம் கை ஓங்கியவருடையது. இதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனாலும் தோழர்களே, நியாயம் நம் பக்கம் இருந்து, உயிர் நம்மிடம் இல்லாமல் போனால் வீட்டிலுள்ளவர்கள் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? எனவே முதல் பாடம் இதுதான்: கை காட்டினால் நில். ஓரமாக நிறுத்து. என்ஜினை அணை. ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டு. வழக்கை நடுரோட்டில் நடத்தாதே. அதற்குக் கோர்ட்டு இருக்கிறது.

எதைக் கேட்கலாம்? எதைச் செய்யலாம்?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம். காட்டுவது நம் கடமை. காகிதமாகத்தான் இருக்க வேண்டுமென்று இல்லை. 2018 நவம்பரில் விதி திருத்தப்பட்ட பிறகு டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகியவற்றில் சேமித்த லைசென்ஸும் ஆர்.சி. புத்தகமும் செல்லும். செல்போனில் எடுத்து வைத்த வெறும் போட்டோவைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

லைசென்ஸைப் பறித்து வைத்துக்கொள்ளலாமா? போலி என்று நம்பக் காரணம் இருந்தாலோ, ஆள் தப்பிவிடுவார் என்று கருதினாலோ, சட்டம் குறித்த சில குற்றங்களுக்காகவோ 206-வது பிரிவின்படி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தந்தாக வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சீட்டைக் கேளுங்கள். "சார், ஒப்புகை தாருங்கள்" என்று பணிவாகக் கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

வண்டியைப் பிடித்து வைக்கலாமா? பதிவு இல்லாத வண்டி, லைசென்ஸ் இல்லாத டிரைவர், பெர்மிட் இல்லாத வாடகை வண்டி போன்றவற்றுக்கு 207-வது பிரிவில் அந்த அதிகாரம் உண்டு.

குடித்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஊதச் சொல்லலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம். ஊத மறுக்காதீர்கள், மறுத்தால் வாரண்டு இல்லாமலே கைது செய்ய இடம் உண்டு. குடித்ததற்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு கூறுகிறது. இவ்வளவையும் விடச் சுலபமான வழி, குடித்த அன்று வண்டியைத் தொடாமலிருப்பது.

நூறு ரூபாய்க் கணக்கு

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்த்தப்பட்டன. ஹெல்மெட் இல்லையென்றால் ரூ. 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ. 5,000. 2025-26-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த நாட்கூலி ரூ. 336. அதாவது ஹெல்மெட்டுக்கு மூன்று நாள் கூலி. லைசென்ஸுக்கு ஏறத்தாழ பதினைந்து நாள் கூலி. கார் முதலாளிக்கு இது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. நமக்கோ அரை மாதத்து அரிசி, பருப்பு. ஒரே சட்டம், ஒரே தொகை. விழும் அடி ஒன்றா?

இந்தப் பயத்தில்தான் நூறு ரூபாய் கை மாறுகிறது. "ஆயிரத்துக்கு நூறு லாபம்தானே" என்று நம்மவர் சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கணக்குத் தப்பு. இன்று கொடுத்தவனை நாளையும் அதே திருப்பத்தில் அடையாளம் தெரிந்துகொள்வார்கள். மாதத்தில் நாலு முறை கொடுத்தால் ஒரு ஹெல்மெட் வாங்குவதில் பாதிப் பணம் போய்விடும். தலையோ அப்போதும் வெறுந்தலைதான். எல்லாம் சரியாக வைத்திருக்கும் தோழரிடமும் "டீ செலவுக்கு" என்று கை நீட்டும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? நாம் கொடுத்துப் பழக்கியதிலிருந்துதான் வந்தது.

இன்னொன்றும் உண்டு. 2018-ல் லஞ்ச ஒழிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால், ஏழு நாளுக்குள் போலீஸுக்கோ லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ தெரிவித்தவருக்கு மட்டுமே பாதுகாப்பு. ஏழு நாள் பேசாமல் இருந்துவிட்டால் வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே தட்டில் நிற்கிறோம்!

ஆகவே ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடாதீர்கள். அபராதத்தை அங்கேயே தீர்த்துவைக்கும் அதிகாரம், சர்க்கார் உத்தரவில் குறிப்பிடப்பட்ட அதிகாரிகளுக்கு மட்டுமே உண்டு. அவர்கள் கொடுக்கும் சலானில் வண்டி எண், தேதி, குற்றப் பிரிவு, தொகை எல்லாம் இருக்கும். படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். கையில் பணம் இல்லையென்றால் கலங்க வேண்டாம், பிறகு கட்டலாம். செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் "இதை ஒப்புக்கொள்ளவில்லை, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். அபராதத்தை ஏற்று அங்கேயே முடித்துக்கொள்ள யாரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது.

சட்டம் போலீஸாருக்கும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 2019-ல் சேர்த்த 210-பி பிரிவின்படி, இந்தச் சட்டத்தை அமல் செய்யும் அதிகாரியே அதை மீறினால் அவருக்கு இரண்டு மடங்கு தண்டனை.

ஸ்டேஷனுக்கு வா என்றால்?

கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். கைது செய்பவர் பெயர் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைது குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ உள்ளூர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களை, விசேஷக் காரணமும் மாஜிஸ்டிரேட்டின் முன் அனுமதியும் இல்லாமல், பொழுது சாய்ந்த பின்னும் விடிவதற்கு முன்னும் கைது செய்யக் கூடாது. இவற்றில் சில அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்திலேயே இருப்பவை, சில, டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்தவை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் இவை இடம் பெற்றிருக்கின்றன.

அடித்துவிட்டார்கள் என்றால்? அங்கே திருப்பி அடிக்காதீர்கள். பெயர்ப் பட்டையில் உள்ள பெயர், இடம், நேரம், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதை மனதில் வாங்குங்கள். நேரே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் யார் அடித்தது என்பதைச் சொல்லிக் காயத்தைப் பதிவு செய்யுங்கள். மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தினால் அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுத வேண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் கிடைக்கும்.

நம் வீட்டையும் கூட்டிப் பெருக்குவோம்

ஊரைக் கேள்வி கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் போலீஸுக்காகவா? மண்டை நம்முடையது. இன்ஷூரன்ஸ் எதற்கு? நம் வண்டி மோதி இன்னொரு கூலிக்காரர் செத்தால் அவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு எங்கிருந்து வரும்?

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நடவுக்கும் அறுப்புக்கும் லோடு ஆட்டோவில் இருபது பேரை அடைத்துக்கொண்டு போகிறார்கள். சரக்கு வண்டியில் அப்படி ஏறிச் செல்பவர்களுக்கு விபத்தில் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வண்டியைப் போலீஸார் நிறுத்தினால் அவர்கள் மேல் கோபிக்க வேண்டாம். ஆள் கூப்பிடும் நிலச்சொந்தக்காரரிடமும் மேஸ்திரியிடமும் ஒழுங்கான வண்டி வேண்டும் என்று கேட்போம்.

லாரி, டெம்போ ஓட்டும் தோழர்களின் கதை இன்னொன்று. ஓவர்லோடு ஏற்றச் சொல்பவர் முதலாளி. பிடிபட்டால் ரூ. 20,000, அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் குற்றவாளி என்று 194-வது பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க அபராதத்தை டிரைவர் சம்பளத்தில் பிடிப்பது என்ன நியாயம்? இதை ஒரு டிரைவர் தனியாகக் கேட்டால் வேலை போகும். எல்லா டிரைவர்களும் சேர்ந்து கேட்டால்?

தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரும் நம்மைப் போன்ற ஒரு வீட்டுப் பிள்ளைதான். வெயிலிலும் புகையிலும் நாள் முழுக்க நிற்கிறார். அவருக்குரிய மரியாதையைக் கொடுப்போம். நமக்குரிய மரியாதையைக் கேட்போம். "வாடா, போடா" என்றால் "சார், மரியாதையாகப் பேசுங்கள்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் தோழர் நழுவிப் போகாமல் கூடவே நின்றால் அதுவே பெரிய பலம். சாட்சி இருக்கும் இடத்தில் லத்தி சுலபமாக எழும்பாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்வோம். ஒவ்வொரு மில்லிலும், ஒவ்வொரு கிராமத்திலும், வண்டி வைத்திருப்பவர்கள் சங்க அலுவலகத்தில் கூடுவோம். லைசென்ஸ் முடிந்தவர் யார், இன்ஷூரன்ஸ் கட்டாதவர் யார், லைசென்ஸே எடுக்காதவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். படித்த இளைஞர்கள் மற்றவர்களின் செல்போனில் டிஜிலாக்கரை ஏற்றிக் கொடுக்கட்டும். கட்டப் பணமில்லாதவருக்குக் கைமாற்று கொடுத்து உதவுவோம். அடுத்த நாள் காலை அந்தத் திருப்பத்தில் கை நீளும்போது, நிறுத்துவோம், காட்டுவோம், நிமிர்ந்து புறப்படுவோம்.